நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலில் வாக்களிப்பது எப்படி: வாக்காளர் பட்டியல் முதல் வாக்குச்சாவடி வரை

சட்டமன்றத் தேர்தலில் வாக்களித்த அதே பள்ளிக்கூடத்துக்கு மாநகராட்சித் தேர்தலன்றும் சென்று, "உங்கள் பெயர் இங்கே இல்லை" என்ற பதிலோடு திரும்பியவர்கள் தமிழ்நாட்டின் ஒவ்வொரு நகரத்திலும் உண்டு. அவர்களில் பலருடைய பெயர் பட்டியலில் இருந்திருக்கும். இரண்டு தெரு தள்ளி வேறொரு வாக்குச்சாவடியில், சில வேளைகளில் வேறொரு வார்டில் இருந்திருக்கும். உள்ளாட்சித் தேர்தல் வார்டு அடிப்படையில் நடப்பது. வார்டு என்பது சட்டமன்றத் தொகுதியைவிட மிகச் சிறிய பரப்பு. ஆகையால் இத்தேர்தலில் வாக்களிப்பதற்கான வேலையில் பெரும்பகுதி வாக்குப்பதிவு நாளுக்குப் பல வாரங்களுக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். அந்த வேலையை எப்படிச் செய்வது என்பதையே இங்கே விரிவாக எழுதுகிறேன். பொத்தானை அழுத்தும் பகுதி எளிதானது.

இத்தேர்தலை நடத்துவது தமிழ்நாடு மாநிலத் தேர்தல் ஆணையம். மக்களவைக்கும் சட்டமன்றத்துக்கும் தேர்தல் நடத்தும் இந்தியத் தேர்தல் ஆணையத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. 1992ஆம் ஆண்டின் 74ஆவது அரசியலமைப்புத் திருத்தம் நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல்களை மாநில ஆணையங்களின் பொறுப்பில் விட்டது. ஆனால் மாநில ஆணையம் வீடு வீடாகச் சென்று தனியே வாக்காளர் பட்டியல் தயாரிப்பதில்லை. சட்டமன்றத் தொகுதிக்கான பட்டியலை வாங்கி, அதைத் தெரு வாரியாகப் பிரித்து, வார்டு வார்டாக அடுக்குகிறது. வாக்காளருக்கு வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை இந்த ஓர் ஏற்பாட்டிலிருந்தே பிறக்கின்றன. சட்டமன்றப் பட்டியலில் பெயர் இல்லாதவருக்கு உள்ளாட்சிப் பட்டியலிலும் பெயர் இருக்காது. சட்டமன்றப் பட்டியலில் பெயர் சரியாக இருந்தாலும், பிரிக்கும்போது அவருடைய வீடு பக்கத்து வார்டில் போய் விழுந்துவிடலாம். முதல் சிக்கலுக்கு ஓர் அலுவலகத்தையும் இரண்டாவது சிக்கலுக்கு வேறோர் அலுவலகத்தையும் நாட வேண்டும் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால் வீண் அலைச்சல் குறையும்.

பட்டியலில் பெயரைப் பார்ப்பது

முதலில் சட்டமன்றப் பட்டியலைப் பாருங்கள். இந்தியத் தேர்தல் ஆணையத்தின் வாக்காளர் சேவை இணையதளத்தில் வாக்காளர் அடையாள அட்டை எண்ணைக் கொடுத்தால் தொகுதி, பாகம் எண் (தொகுதிப் பட்டியலில் உங்கள் பகுதிக்குரிய பிரிவின் எண்), வரிசை எண், வாக்குச்சாவடி ஆகிய நான்கும் கிடைக்கும். இணையம் பழக்கமில்லாதவர்கள் 1950 என்ற எண்ணுக்கு அழைத்துக் கேட்கலாம். அல்லது தங்கள் பகுதியின் வாக்குச்சாவடி நிலை அலுவலரைப் பார்க்கலாம். இந்தப் பணியில் இருப்பவர்கள் பெரும்பாலும் அருகிலுள்ள அங்கன்வாடிப் பணியாளர்களும் ஆசிரியர்களும்தான் என்பதால், தெருவில் நாலு பேரைக் கேட்டால் யாரென்று தெரிந்துவிடும்.

கையில் அடையாள அட்டை இருப்பதே போதும் என்று நினைப்பது மிகப் பரவலான தவறு. அட்டை அடையாளத்துக்கு மட்டுமே பயன்படும். வாக்குரிமையைத் தருவது பட்டியலில் உள்ள பெயர். 2025 நவம்பரில் தமிழ்நாட்டில் தொடங்கிய சிறப்புத் தீவிரத் திருத்தத்தில் இறந்தவர்கள், இடம்பெயர்ந்தவர்கள், இரட்டைப் பதிவு உள்ளவர்கள் என்று பெருந்தொகையான பெயர்கள் நீக்கப்பட்டன. இருபது ஆண்டுகளாக ஒரே வீட்டில் இருந்து ஒவ்வொரு தேர்தலிலும் வாக்களித்து வந்தவர்கள்கூட, "என் பெயர் எங்கே போகப்போகிறது" என்று இருந்துவிடாமல் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. 

பெயர் இல்லையென்றால் படிவம் 6, முகவரி மாறியிருந்தாலோ பெயரிலும் வயதிலும் பிழை இருந்தாலோ படிவம் 8, நீக்க வேண்டியிருந்தால் படிவம் 7. வீடு மாறியவர்கள் பலர் பழைய பதிவை அப்படியே விட்டுவிட்டு, புதிய முகவரியில் படிவம் 6 கொடுத்துப் புதிதாகப் பதிவு செய்துகொள்கிறார்கள். அது இரட்டைப் பதிவாகிவிடும். பின்னர் இரண்டில் எது நீக்கப்படும் என்பது அவர்கள் கையில் இருக்காது. தொகுதிக்குள் மாறினாலும் வேறு தொகுதிக்கு மாறினாலும் படிவம் 8தான் முறையானது. பதினெட்டு வயது நிறைபவர்களுக்கு முன்பு ஜனவரி 1 ஒன்றே தகுதி நாளாக இருந்தது. இப்போது ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 ஆகிய நாள்களும் சேர்ந்துள்ளன. கல்லூரியில் சேர்ந்தவுடனேயே பிள்ளைகளை விண்ணப்பிக்கச் சொல்லலாம்.

இதில் காலம் முக்கியம். 2022இல் நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் அறிவிப்பு ஜனவரி 26 அன்று வெளியானது. வாக்குப்பதிவு பிப்ரவரி 19 அன்று நடந்து முடிந்தது. இடையில் இருந்தவை 24 நாள்கள். அறிவிப்பு வந்த பிறகு விண்ணப்பித்து, விசாரணை முடிந்து, பெயர் சேர்ந்து, அது வார்டு பட்டியலுக்கும் வந்து சேரும் என்று நம்புவது வீண். அந்தத் தேர்தலில் வென்றவர்கள் 2022 மார்ச் 2 அன்று பதவியேற்றார்கள். மன்றத்தின் ஆயுள் ஐந்தாண்டு. 2027 தொடக்கத்தை மனத்தில் வைத்து, 2026க்குள் பட்டியல் வேலையை முடித்துவிடுவதே என் பரிந்துரை.

வார்டையும் வாக்குச்சாவடியையும் உறுதி செய்வது

மாநிலத் தேர்தல் ஆணையம் வார்டு வாரியான பட்டியலை வெளியிட்டதும் அது மாநகராட்சி மண்டல அலுவலகத்திலும் நகராட்சி, பேரூராட்சி அலுவலகங்களிலும் பார்வைக்கு வைக்கப்படும். இந்தப் பட்டியலை ஒருமுறை நேரில் புரட்டிப் பார்ப்பது பயனுள்ளது. ஒரு பக்கத்தில் பல பெட்டிகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொரு பெட்டியிலும் வரிசை எண், அடையாள அட்டை எண், பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், வீட்டு எண், வயது, பாலினம், ஓரத்தில் ஒரு சிறிய புகைப்படம். நீக்கப்பட்ட பெயர்களின் மேல் குறுக்காக முத்திரை இருக்கும். பிற்பாடு சேர்க்கப்பட்டவர்கள் தங்கள் தெருவுக்கு உரிய இடத்தில் இருக்க மாட்டார்கள். பட்டியலின் கடைசியில் துணைப் பட்டியலில் இருப்பார்கள். தெருப் பெயரைப் பார்த்து அந்தப் பக்கத்தில் மட்டும் தேடி, "என் பெயர் விட்டுப்போய்விட்டது" என்று முடிவு கட்டியவர்கள் கடைசிப் பக்கங்களையும் பார்க்க வேண்டும்.

சென்னை போன்ற ஊர்களில் வீட்டு எண் தனியொரு தொல்லை. பழைய எண், புதிய எண் என இரண்டும் புழக்கத்தில் இருப்பதால், ஒரே குடும்பத்தில் கணவருக்குப் பழைய எண்ணிலும் மனைவிக்குப் புதிய எண்ணிலும் பதிவாகி, இருவரும் வெவ்வேறு பாகங்களில், வெவ்வேறு வாக்குச்சாவடிகளில் இருப்பது உண்டு. 2022இல் சென்னையில் இத்தகைய புகார்கள் நிறையவே எழுந்தன. ஆகவே குடும்பத் தலைவரின் பெயரை மட்டும் பார்த்துத் திருப்தியடையாமல், வீட்டில் உள்ள ஒவ்வொருவருடைய பெயரையும் தனித்தனியாகப் பாருங்கள். ஒவ்வொருவருக்கும் வார்டு எண், பாகம் எண், வரிசை எண், வாக்குச்சாவடியின் பெயர் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

வார்டு எல்லைகள் நிலையானவை என்றும் எண்ணிவிடக் கூடாது. 2021இல் தாம்பரம், காஞ்சிபுரம், கும்பகோணம், கரூர், கடலூர், சிவகாசி ஆகியவை மாநகராட்சிகளாயின; 2024இல் திருவண்ணாமலை, நாமக்கல், காரைக்குடி, புதுக்கோட்டை ஆகியவையும் அந்த வரிசையில் சேர்ந்தன. ஓர் ஊர் தரம் உயர்ந்து சுற்றுப்புறக் கிராமங்கள் அதனுடன் இணையும்போது வார்டுகள் புதிதாகப் பிரிக்கப்படும். நேற்று வரை ஊராட்சியில் இருந்தவர்கள் நகர வாக்காளர் ஆகிவிடுவார்கள். ஊரகத் தேர்தலில் ஒருவருக்கு நான்கு வாக்குகள் உண்டு. ஊராட்சி வார்டு உறுப்பினர், ஊராட்சித் தலைவர், ஒன்றியக் குழு உறுப்பினர், மாவட்ட ஊராட்சி உறுப்பினர் ஆகியோருக்கு வெவ்வேறு நிற வாக்குச்சீட்டுகளில் முத்திரை குத்தி வாக்களிப்பார்கள். நகரத்தில் ஒரே ஒரு வாக்குதான். அதையும் இயந்திரத்தில் பதிய வேண்டும்.

சட்டமன்றப் பட்டியலில் பெயர் இருந்து, வார்டு பட்டியலில் விட்டுப்போயிருந்தாலோ தவறான வார்டில் இருந்தாலோ, மாநகராட்சி அல்லது நகராட்சி ஆணையரிடம், பேரூராட்சியாக இருந்தால் செயல் அலுவலரிடம் எழுத்துமூலம் மனு கொடுங்கள். சட்டமன்றப் பட்டியலில் உங்கள் பெயர் உள்ள பக்கத்தின் நகலையும், உங்கள் வீட்டுச் சொத்து வரி ரசீதில் அச்சிடப்பட்டுள்ள வார்டு எண்ணையும் சேர்த்துக் கொடுத்தால் வேலை விரைவாக நடக்கும். மனுவுக்கு ஒப்புகைச் சீட்டு கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வாடகை வீட்டில் இருப்பவர்கள் வீட்டு உரிமையாளரிடம் ரசீதின் நகலைக் கேட்பதில் தயங்க வேண்டாம்.

வேட்பாளரை அறிவது

சட்டமன்ற வேட்பாளரைத் தொலைக்காட்சியில் அறிகிறோம். வார்டு வேட்பாளரை நேரிலேயே அறியலாம். இத்தேர்தலின் பெரிய வசதி அதுதான். வேட்பாளர் தம்மீதுள்ள குற்ற வழக்குகள், சொத்து, கடன், கல்வித் தகுதி ஆகியவற்றை உறுதிமொழி ஆவணமாக வேட்புமனுவுடன் தருகிறார். அதைப் பார்க்க விரும்புவோர் தேர்தல் நடத்தும் அலுவலரின் அலுவலகத்தில் கேட்கலாம். உங்கள் வார்டு பெண்களுக்கோ பட்டியல் இனத்தவருக்கோ ஒதுக்கப்பட்டதா என்பதையும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். தமிழ்நாட்டு உள்ளாட்சிகளில் பெண்களுக்கான ஒதுக்கீடு 50 விழுக்காடு. பெண் வேட்பாளரின் பெயரில் கணவரோ தந்தையோ வந்து வாக்குக் கேட்டால், வேட்பாளரோடு நேரில் பேச வேண்டும் என்று கேட்பது வாக்காளரின் உரிமை. அப்படிக் கேட்பவர்கள் கூடினால்தான் அந்தப் பெண்களுக்கும் வாசல் திறக்கும்.

வேட்பாளரிடம் என்ன கேட்பது? குடிநீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது, குப்பை எடுக்கும் வண்டி எந்தத் தெரு வரை வருகிறது, மழைநீர் வடிகால் எங்கே முடிகிறது, எரியாத தெருவிளக்குக் கம்பங்கள் எவை என்பனவே கேள்விகள். ஒரு கவுன்சிலரின் அதிகாரத்துக்கு உட்பட்டவை இவைதாம். 2016 முதல் 2022 வரை தமிழ்நாட்டு நகரங்கள் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லாமல் தனி அலுவலர்களின் நிர்வாகத்தில் இருந்தன. அந்த ஆண்டுகளில் அடைத்துக்கொண்ட சாக்கடைக்கு யாரிடம் போய் நிற்பது என்று தெரியாமல் தவித்த எவருக்கும் இந்த வாக்கின் மதிப்பை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

பணத்தைப் பற்றியும் வெளிப்படையாகப் பேச வேண்டும். ஒரு பேரூராட்சி வார்டில் சில நூறு வாக்காளர்களே இருக்கக்கூடும் என்பதால், ஒவ்வொரு வாக்குக்கும் விலை பேசுவது வேட்பாளருக்கு எளிதாகிவிடுகிறது. வாக்குக்குப் பணமோ பொருளோ கொடுப்பதும் வாங்குவதும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 170ஆம் பிரிவின்படி குற்றம். "வாங்கிவிட்டு மாற்றிப் போட்டால் கண்டுபிடித்துவிடுவார்கள்" என்று மிரட்டுவோர் உண்டு. வாக்கு எண்ணும்போது ஒரு வாக்குச்சாவடியில் யாருக்கு மொத்தம் எத்தனை வாக்கு என்பது மட்டுமே வெளியே தெரியும். எந்த வாக்கு யாருடையது என்பதை இயந்திரம் பதிவு செய்வதில்லை; அதை எவராலும் கண்டுபிடிக்க முடியாது. முதியவர்களிடமும் முதல்முறை வாக்களிப்பவர்களிடமும் இதை உறுதியாகச் சொல்லுங்கள்.

வாக்குப்பதிவு நாளன்று

2022இல் வாக்குப்பதிவு காலை 7 மணி முதல் மாலை 6 மணி வரை நடந்தது. கடைசி ஒரு மணி நேரம் கொரோனா தொற்றுள்ளவர்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. நேரம் தேர்தலுக்குத் தேர்தல் மாறக்கூடும் என்பதால் அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். மாலையில் கூட்டம் குறையும் என்று தள்ளிப்போடாமல், முடிந்தால் காலை 9 மணிக்குள் போய்விடுங்கள். சாவடி மாறிப் போய்விட்டாலோ ஆவணம் குறைந்தாலோ சரிசெய்ய நேரம் கிடைப்பது காலையில் போனவருக்குத்தான்.

வாக்காளர் அடையாள அட்டையை எடுத்துச் செல்லுங்கள். அது இல்லையென்றால் ஆதார் அட்டை, ஓட்டுநர் உரிமம், பான் அட்டை, கடவுச்சீட்டு, புகைப்படம் ஒட்டிய வங்கி அல்லது அஞ்சலகக் கணக்குப் புத்தகம், நூறு நாள் வேலை அட்டை, புகைப்படத்துடன் கூடிய ஓய்வூதிய ஆவணம், அரசு மற்றும் பொதுத்துறை ஊழியர் அடையாள அட்டை ஆகியவற்றில் ஒன்று போதும். வீட்டுக்கு வந்து கொடுக்கும் பூத் சிலிப் உங்கள் வரிசை எண்ணைத் தேடித் தரும். அதை மட்டும் காட்டி வாக்களிக்க முடியாது. கைப்பேசியை வீட்டிலேயே வைத்துவிட்டுச் செல்வது நல்லது; சாவடிக்குள் அதற்கு அனுமதியில்லை. கட்சிச் சின்னம் பொறித்த துண்டு, தொப்பி, பேட்ஜ் எதுவும் வேண்டாம்; வாக்குச்சாவடியைச் சுற்றி 100 மீட்டருக்குள் வாக்குச் சேகரிப்பது தடைசெய்யப்பட்டுள்ளது.

உள்ளே நுழைந்ததும் முதல் அலுவலர் பட்டியலில் உங்கள் பெயரைக் கண்டுபிடித்து, வரிசை எண்ணையும் பெயரையும் உரக்கப் படிப்பார். பின்னால் வரிசையாக அமர்ந்திருக்கும் கட்சி முகவர்கள் தங்கள் கையிலுள்ள பட்டியலில் அதைக் குறித்துக்கொள்வார்கள். ஆள்மாறாட்டத்தைத் தடுப்பதற்கான ஏற்பாடு அது. அதைக் கண்டு கூச்சப்பட வேண்டியதில்லை. அடுத்தவர் பதிவேட்டில் கையொப்பமோ கைநாட்டோ வாங்கி, இடது கை ஆள்காட்டி விரலில் மை வைப்பார். மை காயும் வரை விரலைத் துணியில் தேய்க்காதீர்கள். அவர் தரும் சிறு சீட்டை மூன்றாமவரிடம் கொடுத்தால், அவர் தம் மேசையிலுள்ள கட்டுப்பாட்டுக் கருவியின் பொத்தானை அழுத்தி உங்களுக்கான வாக்கைத் திறந்துவிடுவார்.

அட்டைத் தடுப்புக்குப் பின்னால் இருக்கும் வாக்குப்பதிவுக் கருவியின் மேல்பக்கம் பச்சை விளக்கு எரிகிறதா என்று முதலில் பாருங்கள். எரிந்தால் கருவி உங்கள் வாக்குக்காகக் காத்திருக்கிறது. வேட்பாளர் பெயரும் சின்னமும் ஒரே வரிசையில் இருக்கும். அதே வரிசையின் வலது ஓரத்திலுள்ள நீலப் பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தியதும் அந்த வரிசையில் சிவப்பு விளக்கு எரியும். நீளமாக 'பீப்' ஒலி கேட்கும். ஒலி கேட்கும் முன் வெளியே வந்துவிட்டால் வாக்கு பதிவாகாமல் போகலாம். ஒரு கருவியில் 16 பெயர்களே கொள்ளும். வேட்பாளர்கள் அதிகமாக இருந்தால் இரண்டாவது கருவி பக்கத்தில் இருக்கும். சுயேச்சைக்கு வாக்களிக்க நினைப்பவர்கள் முதல் கருவியில் அவர் பெயர் இல்லை என்று குழம்ப வேண்டாம். சட்டமன்றத் தேர்தலில் பழகிப்போன இரண்டு 2022 உள்ளாட்சித் தேர்தலில் இல்லை: ஒன்று, யாருக்கு வாக்களித்தோம் என்பதைச் சில நொடிகள் காட்டும் விவிபாட் கருவி, மற்றொன்று நோட்டா பொத்தான். ஆகவே கடைசி வரிசையில் நோட்டாவைத் தேடிக்கொண்டு நிற்காமல், யாருக்கு என்பதை முடிவு செய்துகொண்டே உள்ளே செல்லுங்கள்.

பார்வைக் குறைபாடு உள்ளவர்களும் உடல் தளர்ந்தவர்களும் பதினெட்டு வயது நிறைந்த ஒருவரைத் துணைக்கு அழைத்துச் செல்லலாம். அவர் உங்கள் வாக்கின் இரகசியத்தைக் காப்பதாக உறுதிமொழி எழுதித் தர வேண்டும். 2024 மக்களவைத் தேர்தலில் 85 வயது கடந்தவர்களுக்குக் கிடைத்த வீட்டிலிருந்தே வாக்களிக்கும் வசதியை நம்பி இருந்துவிடாமல், ஆட்டோவுக்கோ சக்கர நாற்காலிக்கோ முன்னதாகவே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

தடை வந்தால்

வாக்குப்பதிவு முடியும் நேரத்தில் நீங்கள் வரிசையில் நின்றிருந்தால் உங்களை அனுப்பிவிட முடியாது. வரிசையின் கடைசியில் நிற்பவரிலிருந்து முன்னோக்கி டோக்கன் கொடுத்து, டோக்கன் பெற்ற அனைவரையும் வாக்களிக்க விடுவார்கள். பெயரில் ஓர் எழுத்து மாறியிருப்பதற்காகவோ, புகைப்படம் தெளிவில்லாமல் இருப்பதற்காகவோ, நீங்கள் யாரென்பது உறுதியாகிவிட்டால் வாக்கு மறுக்கப்படலாகாது. முகவர் யாரேனும் ஆட்சேபித்தால் வாக்குச்சாவடித் தலைமை அலுவலரிடம் அமைதியாக ஆவணத்தைக் காட்டுங்கள். முடிவெடுப்பவர் அவர்தான், முகவர் அல்லர்.

உங்கள் வாக்கை வேறொருவர் முன்பே போட்டுவிட்டார் என்று தெரிந்தால் திரும்பிவிடாதீர்கள். தலைமை அலுவலரிடம் ஆய்வுக்குரிய வாக்கு, அதாவது முகவர்கள் 'டெண்டர் ஓட்டு' என்று சொல்வதைக் கேளுங்கள். உங்கள் அடையாளம் உறுதியானதும் இயந்திரத்துக்குப் பதில் அச்சிட்ட வாக்குச்சீட்டு தரப்படும். அது தனி உறையில் வைக்கப்படும். வழக்கமான எண்ணிக்கையில் அது சேராது. ஆனால் வெற்றி வித்தியாசம் ஓரிரு வாக்குகளாக இருந்து வழக்கு நீதிமன்றத்துக்குப் போனால் அந்த உறைகளுக்கு உயிர் வந்துவிடும். வார்டுத் தேர்தலில் அப்படி நிகழ்வது அரிதன்று. 2022இல் சில வார்டுகளில் இரு வேட்பாளர்கள் சம வாக்குகள் பெற்று, குலுக்கல் முறையில் வெற்றியாளர் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

அந்தத் தேர்தலில் பேரூராட்சிகளில் 74.68 விழுக்காட்டினர் வாக்களித்தார்கள், நகராட்சிகளில் 68.22, மாநகராட்சிகளில் 52.22, சென்னையில் 43.59 மட்டுமே. ஊர் பெரிதாகப் பெரிதாக வாக்கு குறைந்திருக்கிறது. பெருநகரத்தில் வீடு மாறிக்கொண்டே இருப்பவர்களின் பெயர் பழைய முகவரியிலேயே தங்கிவிடுவதும் இதற்கு ஒரு காரணம் என்று நான் கருதுகிறேன்.

மேயரையும் நகராட்சித் தலைவரையும் நாம் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. 1996, 2001, 2011 தேர்தல்களில் மக்கள் மேயருக்கும் தனியே வாக்களித்தார்கள். 2022இல் கவுன்சிலர்கள் கூடி மார்ச் 4 அன்று மறைமுகத் தேர்தல் மூலம் தேர்ந்தெடுத்தார்கள். இதே முறை தொடரும் வரை, மேயராக யார் வர வேண்டும் என்ற உங்கள் விருப்பத்தையும் கவுன்சிலருக்குப் போடும் அந்த ஒரு வாக்கிலேயே சேர்த்து எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கும். வென்றவர் பதவியேற்றதும் உங்கள் பகுதிக்கான பகுதி சபை, அதாவது வார்டின் ஒரு பகுதி மக்கள் கூடிப் பேசும் கூட்டம், எப்போது கூடுகிறது என்று வார்டு அலுவலகத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று 2022இல் இந்தக் கூட்டங்கள் மாநிலம் முழுவதும் நடந்தன. பிரச்சாரத்தில் வேட்பாளரிடம் கேட்ட அதே குடிநீர், குப்பை, வடிகால் கேள்விகளை அங்கே மீண்டும் கேட்டு, பதிலைக் கூட்டக் குறிப்பில் எழுதச் சொல்லலாம்.